எங்கய்யனும் ஒரே ஒரு வார்த்தையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் வேற எதையாவது எழுதி ஒப்பேத்திட்டு இருந்த விஷயம் இது. சினிமா, சாப்பாட்டுக் கடை, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் பண்ணின அலும்பு எல்லாம் எழுதியாச்சு. இதை மட்டும் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். கொஞ்சம் நீளமாப் போகும் மக்களே, பொறுத்துக்கங்க.

எங்கய்யன் மாட்டுத் தரகர். (காங்கேயம் பக்கம் பழைய வீடுகள்ல அப்பாவை அய்யன்னுதான் சொல்றது. எம் பொண்ணு என்னை டாடிங்குது. அது வேற கதை.) ஞாயித்துக்கிழமையானா பழையகோட்டை மாட்டுத்தாவணி, சித்திரை வந்தா கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தாவணி. தாவணின்னதும் பாவாடை தாவணி ஞாபகம் வருதா? எங்கூர்ல மாட்டுச் சந்தைக்கு அதான் பேரு. நாப்பது வருஷம் இதான் பொழப்பு. பல்லைப் பாத்து வயசு, சுழியைப் பாத்து ராசி, நடையைப் பாத்து கொணம் எல்லாம் சொல்லுவாரு. காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் ஆனாத்தான் நெறம் மாறும். இவரு செவப்புக் கன்னா இருக்கறப்பவே 'இது நல்ல மயிலைடா' அப்படீம்பாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊரு நம்புச்சு.

தரகருக்கு வேற மொதலு ஏதுங்க? வாய்தான். விக்கறவனுக்குக் கோவம் வராம வெலையைக் கொறைக்கோணும், வாங்கறவனுக்குச் சந்தேகம் வராம வெலையை ஏத்தோணும். வீட்லயும் அதே வாய்தான். எங்கம்மா ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள இவரு ஒரு வண்டி பேசி முடிச்சிருப்பாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்து வீடு வர ரெண்டு மணி நேரம் ஆகும். தூரம் என்னமோ அரை மைலுதான்.

2023 ஜனவரி. சிவன்மலைத் தைப்பூசத் தேருக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. வெடியால அஞ்சு மணிக்குக் கட்டுத்தரைக்குப் போனவரு, போசியைக் கையில புடிச்சபடியே சாஞ்சு ஒக்காந்துட்டாரு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, வலது கை தொங்குது. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க வந்து 'வாயு புடிச்சிருக்கும், சோடா குடுங்க'ன்னாங்க. இன்னொருத்தர் கையில எண்ணெய் போட்டு நீவி விட்டாரு. புறா ரத்தம் தேச்சா சரியாயிரும்னு ஒருத்தர் புறாவுக்கே ஆள் அனுப்பிட்டாரு. நான் டவுன்ல குடியிருக்கேன். எனக்குப் போன் வர்றப்ப மணி ஏழு.

அதுக்கப்புறம் நாங்க மொதல்ல போன ஆஸ்பத்திரியில ஸ்கேன் இல்ல. அங்க ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு, பெரிய எடத்துக்குப் போங்கன்னாங்க. போய், ஸ்கேன் எடுத்து, டாக்டர் படத்தைப் பாக்கறப்ப மணி பதினொண்ணு. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு, இடது பக்கம். 'அடைப்பைக் கரைக்கற ஊசி இருக்குங்க, ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்'னாரு டாக்டர். ரெண்டு மணி நேரத்தைச் சோடாவுக்கும் எண்ணெய்க்கும் குடுத்துட்டோம், மிச்சத்தை ரோட்டுக்குக் குடுத்துட்டோம். இதைப் படிக்கறவங்க ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. வாய் கோணுனா, ஒரு கை தூக்க வரலைன்னா, பேச்சு கொழறுனா, சோடா வாங்க ஓடாதீங்க. மணியைப் பாத்துக்கிட்டு, ஸ்கேன் இருக்கற எடத்துக்கு நேராப் போங்க. பிரஷர் மாத்திரையையும் 'இப்பத்தான் தலை சுத்தறதில்லையே'ன்னு எங்கய்யன் ரெண்டு மாசமா நிறுத்தி வெச்சிருந்தது பின்னாலதான் தெரிஞ்சுது. டப்பாவுல அப்படியே இருந்துச்சு.

வலது கையும் காலும் போனது எங்களுக்கு அப்பப் பெருசாத் தெரிஞ்சுது. பேச்சுப் போனது, ரெண்டு நாள்ல வந்துரும்னு நெனச்சோம்.

பதினோராம் நாள் பேசுனாரு. 'ஆச்சு'ன்னாரு. எங்கம்மா அழுது, நர்ஸைக் கூப்புட்டு, அக்கா ஊருக்கெல்லாம் போனைப் போட்டு... ஒரே அமர்க்களம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஒரு வார்த்தைதான் இருக்குதுன்னு. பசிச்சா ஆச்சு. பாத்ரூம் போகோணும்னா ஆச்சு. வேண்டாம்னாலும் ஆச்சு. கோவம் வந்தா 'ஆச்சாச்சாச்சு'. தாவணியில வெலை படிஞ்சா தரகர் சொல்ற வார்த்தை அது. நாப்பது வருஷத்துல லட்சம் தடவை சொல்லியிருப்பாரு போல, எல்லாம் அழிஞ்சும் அது மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்து போன்ல இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். பாரிஸ் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில லெபோர்ஞ்னு ஒருத்தர் இருந்தாராம். முப்பது வயசுல பேச்சுப் போயி, அங்கயே இருபத்தோரு வருஷம் கெடந்திருக்காரு. எது கேட்டாலும் 'டான், டான்'னுதான் சொல்லுவாராம். அதனால ஆஸ்பத்திரியில அவருக்குப் பேரே டான்னு ஆயிருச்சு. 1861ல அவரு செத்ததும் ப்ரோக்காங்கற டாக்டர் மூளையை எடுத்துப் பாத்து, இடது பக்கம் முன்னால ஒரு எடம் பழுதாகியிருக்குன்னு கண்டுபிடிச்சாரு. இன்னைக்கும் அந்த எடத்துக்கு அந்த டாக்டர் பேருதான். கேக்கறது, புரியறது எல்லாம் பெரும்பாலும் சரியா இருக்கும், வார்த்தையை எடுத்து வெளிய வைக்கத்தான் முடியாது. படிச்சதுல எனக்கு மனசுல நின்னது அந்த இருபத்தோரு வருஷம்தான். டானுன்னு கூப்புட்டாங்களே, அந்த ஆளுகிட்ட யாராச்சும் ஒக்காந்து பேசுனாங்களா?

ஒரு விஷயம் சொன்னா சிரிப்பீங்க. கெட்ட வார்த்தை மட்டும் எங்கய்யனுக்குச் சுத்தமா வரும்! கட்டில் கால்ல முட்டிக்கிட்டா தெளிவா, அட்சர சுத்தமா ஒண்ணு வந்து விழும். எங்கம்மா மொத தடவை கேட்டுட்டு, 'மாரியாத்தா, பேச்சு வந்துருச்சு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அது மூளையில வேற வழியா வர்றதாம். அந்த டானுக்கும் இதே மாதிரி கோவம் வந்தா ஒரு வசவு வருமாம். ஒண்ணு ரெண்டு மூணுன்னு நாம ஆரம்பிச்சு விட்டா கூடவே பத்து வரைக்கும் சொல்லுவாரு. ஆனா நடுவுல நிறுத்தி 'எத்தனை?'ன்னு கேட்டா, ஆச்சு.

மொத ரெண்டு மாசம் வீடு நோம்பி கணக்கா இருந்துச்சு. ஒறம்பரை, பங்காளிங்க, தாவணி ஆளுங்கன்னு வந்துட்டே இருந்தாங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வெக்க எடமில்ல. வந்தவங்க முக்காவாசிப் பேரு எங்கய்யன்கிட்ட கத்திப் பேசுவாங்க. காது நல்லாத்தான் கேக்குதுங்க, செவிடு இல்லீங்கன்னு நாங்களும் சொல்லிச் சொல்லி ஓஞ்சோம். அப்புறம் 'சோறு திங்கறாரா, தூங்கறாரா'ன்னு அம்மாகிட்டக் கேப்பாங்க. அவரு எதுக்க ஒக்காந்துட்டுத்தான் இருப்பாரு. 'மகராசன், எப்படி இருந்த மனுசன்'னு இறந்தகாலத்துல பேசுவாங்க. எங்கய்யனுக்கு அழுகை வேற சட்டுனு வந்துரும். சிரிக்க ஆரம்பிச்சா அழுகையில போய் முடியும். மூளையில அடிபட்டா அந்தக் கடிவாளம் தளர்ந்துரும், எல்லா அழுகையும் துக்கம் கிடையாதுன்னு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்? 'நம்மளப் பாத்தா மனசு கஷ்டப்படறாரு, எதுக்கு தொந்தரவு'ன்னு நல்ல மனசோடயே வராம நின்னுட்டாங்க.

ஜூன் மாசத்துல வீட்டுக்கு வர்றது பால்காரரும் முடி வெட்ட வர்றவரும்தான்.

வீட்டுல அம்மாவும் அவரும். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒண்ணுல கணக்கு எழுதறேன். காலையில எட்டுக்குப் போனா ராத்திரி எட்டு, ஒம்போது. போகறப்பவும் வர்றப்பவும் தோட்டத்துக்குப் போய்ப் பாத்துட்டு வருவேன். ஒரு நாளை அவரு எப்படித் தள்ளுனாருன்னு ஞாயித்துக்கிழமை கூட இருந்து பாத்தப்பதான் வெளங்குச்சு. அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துரும், நாப்பது வருஷப் பழக்கம். அம்மா எந்திரிச்சு வந்து புடிச்சுத் தூக்கற வரைக்கும் விட்டத்தைப் பாத்துட்டுக் கெடக்கோணும். பல்லு வெளக்கி, குளிச்சு, சட்டை மாட்டி முடியறதுக்கு முக்கா மணி நேரம். செத்த கையை மொதல்ல நொழைச்சுட்டு அப்புறம் நல்ல கையை நொழைக்கோணும், கழட்டறப்ப தலைகீழ். ஒத்தக் கையில வேட்டி கட்ட முடியாதுன்னு எலாஸ்டிக் வெச்ச டவுசர் வாங்கிக் குடுத்தோம். வாழ்நாள்ல வெள்ளை வேட்டி தவிர எதையும் கட்டாத மனுசன். அதை மாட்டிட்டு வாசலுக்கு வரவே மாட்டேன்னு பாத்ரூம் பக்கத்துலயே நின்னுட்டாரு. கடைசியில எங்கம்மா பழைய வேட்டியில ரெண்டு பக்கமும் ஒட்டற பட்டி வெச்சுத் தைச்சாங்க. அது வேட்டி மாதிரியே இருக்கும், பச்சக்குனு ஒட்டிக்கும். எங்கம்மா மூணாங்கிளாஸ்தான். ஆனா அந்த வேட்டிக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்.

எட்டரை மணிக்கு வாசல் கட்டில்ல ஒக்காருவாரு. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு. வண்டி சத்தம் கேட்டா தலையைத் தூக்கிப் பாப்பாரு. வண்டி போயிரும். மத்தியானம் வரைக்கும் இதேதான்.

அப்புறம் சோறு. இது வெளியூர்க்காரங்களுக்கு, அதுவும் ஸ்பூன்ல சாப்புடற ஊர்ல இருக்கறவங்களுக்குப் புரியுமான்னு தெரியல. வலது கை போச்சுன்னா எடது கையில திங்கோணும். நம்ம ஊர்ல எடது கை எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் சோத்துல எடது கை படாம வளந்த ஆளு. வீட்டுக்குள்ள திரும்பி ஒக்காந்து சாப்புடுவாரு, எம் பொண்ணு பக்கத்துல வந்தாக்கூட வட்டலை நகத்தி வெச்சுருவாரு. கல்யாணங் காச்சிக்குப் போகாததுக்குக் காரணம் கால் இல்லீங்க. பந்தியில நாலு பேரு முன்னால எடது கையால எப்படி? மொய்யை எடது கையில எப்படி நீட்டறது? இதை அவரு சொல்லல, சொல்லவும் முடியாது. ஒரு விசேசத்துக்கு வம்படியாக் கூட்டிட்டுப் போயி, எலை போட்டதும் அவரு மொகத்தைப் பாத்துத்தான் நானே தெரிஞ்சுகிட்டேன். பசியோடவே எந்திரிச்சுட்டாரு.

இப்ப நான் பண்ணின ரெண்டு காரியத்தைச் சொல்லோணும். இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

மொதலாவது போன். அவரோட பட்டன் போனுக்கு அழைப்பு வந்துட்டே இருக்கும். ஒடுவங்குறிச்சி, கரூர்னு எங்கெங்கயோ இருந்து பழைய ஆளுங்க, 'ஏனுங்க, ஒரு ஜோடி காளை வேணுமே'ன்னு. எடுத்து 'ஆச்சு, ஆச்சு'ம்பாரு. அந்தப் பக்கம் 'அலோ, அலோ'ன்னுட்டு கட் பண்ணிருவாங்க. இவரு போனைக் காதுல வெச்சபடியே ரொம்ப நேரம் ஒக்காந்திருப்பாரு. எனக்குப் பாக்கச் சகிக்கல. நானே ஒரு நாள் ஆஃப் பண்ணி பீரோவுல வெச்சுட்டேன். அவரு கொஞ்ச நாள் சட்டைப் பையைத் தடவிப் பாத்துட்டு விட்டுட்டாரு.

ரெண்டாவது மாடு. கட்டுத்தரையில ஒரு மயிலை மாடும் கன்னும் இருந்துச்சு. எங்கய்யன் தனக்குன்னு வெச்சுக்கிட்டது. ஊரு மாட்டையெல்லாம் வித்தவரு அதை மட்டும் விக்கல. அம்மாவால ஒரு ஆளையும் பாத்து மாட்டையும் பாக்க முடியல, முட்டி வலி வேற. சரி, வித்துரலாம்னு நான்தான் முடிவு பண்ணினேன். 2023 செப்டம்பர்ல தெரிஞ்ச ஒருத்தர் வந்தாரு. வாசல் கட்டில்ல எங்கய்யன் முன்னாடியே வெச்சுத்தான் பேசுனேன். மறைக்கக் கூடாதுன்னு ஒரு நெனப்பு. மாடும் கன்னும் சேத்து நாப்பத்தி ரெண்டாயிரம்னு வந்து நின்னுச்சு. 'என்ன அய்யா, குடுத்தர்லாமா?'ன்னு கேட்டேன். 'ஆச்சு, ஆச்சு'ன்னாரு. வந்தவரு சிரிச்சுட்டு, 'அய்யனே சொல்லிட்டாருங்க, வெலை ஆச்சு'ன்னு பணத்தை எண்ணி என் கையில வெச்சாரு.

மாட்டை அவுத்துட்டுப் போறப்ப எங்கய்யன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அன்னைக்கும் அடுத்த நாளும் ஒரு வாய் சாப்புடல. உடம்பு சொகமில்லையோன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருதுங்க, அதுக்கும் மாத்திரை இருக்கு, குடுக்கறேன்னு சொல்லி அவரும் எழுதிக் குடுத்தாரு. அந்த மாத்திரை பின்னால உண்மையாவே கொஞ்சம் உபயோகமா இருந்துச்சு, அதையும் சொல்லிரணும். ஆனா அன்னைக்கு அவருக்கு வந்திருந்தது என்ன வியாதின்னு எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

தெரிய வெச்சது ஒரு பொண்ணு. அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம்னு திட்டம் இருக்குல்ல, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, இயன்முறை சிகிச்சைக்கும் ஆள் வர்றாங்க. அப்படி வண்டியில வந்து எறங்குச்சு அந்தப் பிசியோ பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். வந்ததும் எங்கம்மா வலது கையைப் புடிச்சு அய்யனைத் தூக்கறதைப் பாத்துட்டு ஒரு சத்தம் போட்டுச்சு. 'அக்கா, அந்தக் கையைப் புடிச்சு இழுக்கவே கூடாது, தோள்பட்டை மூட்டு எறங்கிரும். அதான் அவருக்கு அந்த வலி.' ஒம்போது மாசமா நாங்க அதைத்தான் பண்ணிட்டு இருந்தோம்.

அப்புறம் எங்கய்யனைப் பாத்து, 'ஐயா, எங்க வலிக்குது?'ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். 'தூக்கம் எப்படி?' நான் சொன்னேன். 'நடக்கறப்ப தலை சுத்துதா?' நான் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொண்ணு என் பக்கம் திரும்பி, 'அண்ணா, நான் உங்களைக் கேக்கல'ன்னுச்சு.

சுருக்குனு ஆயிருச்சு.

'அவருக்கு வார்த்தை எடுக்க நேரமாகும் அண்ணா. ஒரு கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. டிவியை நிறுத்திட்டுப் பேசுங்க. ஒரே சமயத்துல ரெண்டு கேள்வி கேக்காதீங்க. ஆமாவா இல்லையான்னு தலையாட்டற மாதிரிக் கேளுங்க.' இப்படிச் சொல்லிட்டு, எங்கய்யன்கிட்டயே பேசுச்சு. அவரு ஆச்சு ஆச்சுன்னாரு. அதுக்கு எல்லாம் வெளங்குச்சு! எப்படிம்மான்னு கேட்டேன். 'வாயைப் பாக்காதீங்கண்ணா, தலையையும் கண்ணையும் பாருங்க. வேண்டாங்கறப்ப தலை பக்கவாட்டுல போகுது பாருங்க, வாய் மட்டும்தான் ஆச்சுங்குது.'

பொண்ணு வண்டியை எடுத்துட்டுப் போயிருச்சு. நான் அந்தக் கட்டில்ல ஒக்காந்து செப்டம்பர் மாசத்தை ஞாபகப்படுத்திப் பாத்தேன். மாட்டு வெலை பேசுன அன்னைக்கு, நான் கேட்டப்ப, அவரு தலை எப்படிப் போச்சு? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாத்துட்டுத்தான் இருந்தேன். பக்கவாட்டுலதான் போச்சு. கையை வேற கட்டில் சட்டத்துல தட்டுனாரு. நான் வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டேன். அது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.

அடுத்த நாளே வாங்குனவரைத் தேடிப் போனேன். மாடு கை மாறி, அங்கருந்து இன்னொரு கை மாறிப் போயிருச்சு. கெடைக்கல.

எங்கய்யன் எம்.ஜி.ஆர் கட்சி. கட்சின்னா பதவி எல்லாம் இல்ல, சும்மா பித்து. 1984 அக்டோபர்ல எம்.ஜி.ஆர் அப்பல்லோவுல சேர்ந்து, பக்கவாதமும் வந்து, அங்கருந்து அமெரிக்காவுல புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கல்ல, அந்த டிசம்பர் எலெக்சன்ல அவரு ஊர்லயே இல்லாம ஆண்டிபட்டியில ஜெயிச்சாரு. 1985 பிப்ரவரி 4ந் தேதி திரும்பி வந்தப்ப எங்கய்யன் லாரி ஏறி மெட்ராஸ் போயிருக்காரு. இந்தக் கதையை நான் சின்ன வயசுல நூறு தடவை கேட்டிருப்பேன். 'ஒண்ணும் கேக்கலடா, அவ்வளவு கூட்டம். கையை ஆட்டுனாரு. அது போதும்'ம்பாரு. 1967ல குண்டடி பட்டதுலயே எம்.ஜி.ஆர் குரல் மாறிப் போச்சு. இந்தப் பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சு இன்னும் கஷ்டம். அப்படியே 1987 டிசம்பர் 24ல சாகற வரைக்கும் முதலமைச்சரா இருந்தாரு. அவரு ஒரு வார்த்தையை இழுத்து இழுத்து முடிக்கற வரைக்கும் ஜனங்க பொறுமையா நின்னாங்க. பெரிய மனுசனுக்குன்னா நின்னுருவாங்க போல. எங்கய்யனுக்கு நின்னு கேக்கறதுக்கு, பெத்த மகனான எனக்கே பத்து எண்ணப் பொறுமை இல்ல.

அன்னைக்கு ராத்திரி பீரோவைத் தொறந்து போனை எடுத்து சார்ஜ் போட்டுக் குடுத்தேன். வாங்கிப் பாத்தாரு. பையில வெச்சுக்கிட்டாரு. அப்புறம் அது அடிக்கவே இல்ல.

2024 பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை. தாவணி முடிஞ்ச நேரம், மத்தியானம் இருக்கும். வாசல்ல மொபெட் வந்து நின்னுச்சு. எங்கய்யனோட கூட்டாளி. முப்பது வருஷம் ஒட்டுக்காத் தரகு பாத்த ஆளு. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்து, கதவுகிட்டயே நின்னு தேம்பித் தேம்பி அழுதுட்டுப் போனவரு, ஒரு வருஷமா எட்டிப் பாக்கல. அவரு மேல எனக்கு உள்ளுக்குள்ள கோவம் இருந்துச்சு. பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தாரு.

'பாக்கத் தெகிரியம் வல்ல கண்ணு'ன்னாரு எங்கிட்ட. அவ்வளவுதான். வேற சாக்கு ஒண்ணும் சொல்லல.

எங்கய்யன் கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. பத்திரிகையை மடியில வெச்சு, 'மாப்ள, என்ற பேத்திக்குக் கண்ணாலம். நீ வந்தே ஆகோணும்'னாரு. எங்கய்யன் 'ஆச்சு'ன்னாரு, தலை பக்கவாட்டுல. அப்புறம் வலது கையை எடது கையால தூக்கிக் காமிச்சுட்டு கீழ போட்டாரு. அழுகை வந்துருச்சு. நானா இருந்தா உடனே 'அய்யனுக்கு உடம்பு முடியாதுங்க மாமா, நாங்க வந்தர்றோம்'னு முடிச்சிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பத்து எண்ணுனேன்.

மாமா ஒண்ணும் சொல்லல. தோள்ல இருந்த துண்டை எடுத்து ஒதறினாரு. கட்டில்ல எங்கய்யனுக்கு எடது பக்கமா வந்து ஒக்காந்து, அவரோட எடது கையைப் புடிச்சு, மேல துண்டைப் போட்டு மூடிட்டாரு.

தாவணி பாக்காதவங்களுக்குச் சொல்றேன். மாட்டு வெலையை எங்கூர்ல வாயைத் தொறந்து பேசறதில்ல. ரெண்டு தரகரும் துண்டுக்கடியில கையை விட்டு, விரலைப் புடிச்சுத்தான் பேசிக்குவாங்க. எத்தனை விரல் புடிக்கறாங்களோ அத்தனை. நூறா ஆயிரமா பத்தாயிரமாங்கறது மாட்டைப் பாத்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது, மூஞ்சியிலயும் ஒண்ணும் காட்ட மாட்டாங்க. சின்ன வயசுல நான் பக்கத்துல நின்னு அந்தத் துண்டு ஏறி எறங்கறதை மட்டும் வேடிக்கை பாத்திருக்கேன்.

மாமா தோட்டத்தைப் பாத்தபடியே, 'இன்னைக்கு ஒரு மயிலை வந்துச்சு மாப்ள. நாலு பல்லு. தலையீத்து. செவலைக் கன்னு கூட. என்ன போயிருக்கும், சொல்லு'ன்னாரு.

துண்டு அசையல. நான் எண்ணிட்டே இருந்தேன், பத்தைத் தாண்டிப் போச்சு, இருபது இருக்கும். அப்புறம் துண்டு அசைஞ்சுது.

'அட கெரகமே, அவ்வளவுக்கு எவன்டா வாங்குவான்!'னு மாமா சத்தம் போட்டாரு. மறுபடி அசைஞ்சுது. மாமா தலையாட்டிட்டு பதிலுக்கு என்னமோ புடிச்சாரு. எங்கய்யன் கையை வெடுக்குனு உருவிட்டு, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டாரு. அது கோவம் இல்லீங்க. வெலை படியலைன்னா தரகர் அப்படித்தான் பண்ணுவாங்க! எங்கம்மா சமையக்கட்டு வாசல்ல கரண்டியோட நின்னுட்டு இருந்தாங்க.

சினிமா மாதிரி எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அன்னைக்குப் பாதி தடவை அவரு தப்பு விரலைப் புடிச்சிருக்காரு. அஞ்சுக்கும் நாலுக்கும் கொழம்பிட்டு அவருக்கே எரிச்சல் வந்து, அந்தச் சுத்தமான வார்த்தை ஒண்ணு வந்துச்சு. மாமா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. எங்கய்யனும் சிரிச்சு, அது அழுகையாப் போச்சு. மாமா துண்டை எடுத்துத் தொடைச்சு விட்டுட்டு அதே துண்டை மறுபடியும் கை மேல போட்டாரு.

கல்யாணத்துக்குப் போனோம். மாமா பந்தியில எங்கய்யனுக்கு எடது பக்கம் ஒக்காந்துகிட்டு, தானும் எடது கையாலயே திங்க ஆரம்பிச்சுட்டாரு. சாம்பாரு வேட்டியெல்லாம் ஒழுகிருச்சு. அவங்க வீட்டு அம்மா வந்து திட்டுனதுதான் மிச்சம்.

இப்ப மாமா பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை தாவணி முடிச்சு வந்தர்றாரு. சில வாரம் வர மாட்டாரு, அவருக்கும் எழுபது ஆகுது. வராத வாரம் எங்கய்யன் மத்தியானச் சோறு எறங்காம ரோட்டையே பாத்துட்டு ஒக்காந்திருப்பாரு. மத்த ஆறு நாளும் அதே கட்டில், அதே கிளுவை வேலிதான். பேச்சுல 'அம்மிணி'ன்னு ஒரு வார்த்தை கூடியிருக்கு. எம் பொண்ணைக் கூப்புடறதுக்கு. எங்கம்மாவையும் அப்படித்தான் கூப்புடறாரு, அவங்களுக்கு வெக்கம் தாங்கல.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் துண்டுக்கடியில பேசிட்டு இருந்தாங்க. நடுவுல மாமா திடீர்னு என் பக்கம் திரும்பி, 'ஏங்கண்ணு, அந்த மயிலையை நீ என்ன வெலைக்குக் குடுத்தே?'ன்னாரு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. 'கன்னோட சேத்து நாப்பத்தி ரெண்டுங்க மாமா.' மாமா ஒண்ணும் சொல்லாம எங்கய்யனைப் பாத்தாரு. எங்கய்யன் மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல. துண்டு மட்டும் ரெண்டு தடவை அசைஞ்சுது. மாமா மீசைக்குள்ள சிரிச்சாரு.

'அய்யன் என்ன வெலை சொல்றாருங்க மாமா?'ன்னு கேட்டேன்.

'அது எங்க ரெண்டு பேருக்குள்ள கண்ணு. நீ போயி அம்மாகிட்ட காப்பித்தண்ணி வெக்கச் சொல்லு'ன்னாரு.

எங்கய்யன் என்னைப் பாத்து 'ஆச்சு'ன்னாரு. நான் எந்திரிச்சு உள்ள போனேன்.